தகரக் கொட்டகையும் இடி மின்னலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓலைக் கொட்டகையைப் பிரித்துவிட்டு, இரும்புக் குழாய்த் தூண்கள் நிறுத்தி, அறுபது அடி நீளத்துக்குத் தகரம் போட்டு மாட்டுக் கொட்டகை கட்டியிருக்கிறோம். தகரம் இடியை இழுக்கும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். கோடை மழை தொடங்கும் முன் தகரத்தைக் கழற்றிவிட்டுக் கல்நார் ஓடு போட்டுவிடலாமா?
– கால்நடை வளர்ப்பவர், காங்கேயம்

பதில்: தயவுசெய்து கழற்றாதீர்கள். மின்னல் எங்கே இறங்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்பவை ஒரு பொருளின் உயரமும், சுற்றிலும் வேறு உயரமானது எதுவும் இல்லாமல் அது தனித்து நிற்பதும்தான். வெட்டவெளித் தோட்டத்தின் நடுவே நிற்கும் கொட்டகையில் ஓலை வேய்ந்திருந்தாலும் இடி விழும். விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் கூரைக்குக் கூரை வேறுபாடு இருக்கிறது. ஒரு மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாய்கிறது. அது நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் மண்ணை அடைந்தாக வேண்டும். ஓலையும் மரமும் கல்நார் ஓடும் அதற்கு நல்ல வழி தராததால், அவற்றைப் பிளந்தோ எரித்தோ, உள்ளே ஓடும் ஒயரையும் கட்டியிருக்கும் மாட்டையும் வழியாக்கிக்கொண்டோ அது இறங்குகிறது. இரும்புக் கொட்டகையில் அகலமான வழி ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழி முகட்டிலிருந்து மண் வரை எங்கும் அறுபடாமல் போகிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

மேலிருந்து தொடங்கிப் பாருங்கள். தகரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகாணியில் ரப்பர் வாஷர் இருந்தாலும், ஆணியின் உடல் தகரத்தைத் துளைத்து இரும்பில் இறங்கியிருப்பதால் தொடர்பு கிடைத்துவிடுகிறது. தகரத்தின் மீதுள்ள மெல்லிய வண்ணப்பூச்சு மின்னலுக்குத் தடையே இல்லை. சட்டமும் டிரஸ்ஸும் (கூரையைத் தாங்கும் முக்கோண இரும்புச் சட்டகம்) தூணும் சேரும் இடங்களில் வெல்டிங்கோ இறுக்கமான போல்ட்டோ இருந்தால் போதும். கம்பி சுற்றிக் கட்டியிருந்தால் அதை மாற்றிவிடுங்கள். பெரும்பாலான கொட்டகைகளில் வழி அறுபடுவது கடைசி ஓரடியில்தான். தூணின் அடித்தகடு சிமென்ட் கட்டை மீதோ செங்கல் சுவர் மீதோ உட்கார்ந்திருக்கும். அங்கே இரும்பு முடிந்துவிடும். மேலே எவ்வளவு இரும்பு இருந்தாலும் அந்த இடத்தில் மின்னல் வேறு வழி தேடும்.

அந்த இடைவெளியை மூடுவதே உங்கள் வேலை. மின்னல் காப்புக்கான ஐஎஸ்/ஐஇசி 62305 என்னும் தரநிலை, சாதாரணக் கட்டடங்களுக்கு 15 முதல் 20 மீட்டருக்கு ஓர் இறங்குவழி இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கொட்டகையின் நீளம் சுமார் 18 மீட்டர் என்பதால் நான்கு மூலைத் தூண்களையும் மண்ணோடு இணைத்தால் போதுமானது. 25 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் உள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைத் தூணில் போல்ட் போட்டு முடுக்கி, கொட்டகைக்கு ஒரு மீட்டர் வெளியே, அரை மீட்டர் ஆழத்தில் பள்ளம் பறித்து, சுற்றிலும் ஒரே வளையமாகப் புதையுங்கள். மூலைக்கு ஒரு ஜிஐ குழாயையும் ஆழமாக இறக்கி அந்த வளையத்தோடு சேர்க்கலாம். எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை; உப்பு மழையில் கரைந்து போவதோடு, இருக்கும் வரை இரும்பையும் அரிக்கிறது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் அதைவிட நல்லது. செம்புக் கம்பியைத் துத்தநாகப் பூச்சுள்ள தகரத்தோடோ தூணோடோ நேரடியாகச் சேர்க்காதீர்கள். அந்த இணைப்பில் துத்தநாகம் விரைவில் அரித்துப்போய், சில மழைக்காலங்களுக்குள் துரு மட்டுமே மிஞ்சும். எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குள் இருக்கிறதா என்பதை மண் காய்ந்து கிடக்கும் பங்குனியில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்து அளவு ஏமாற்றிவிடும்.

கேள்வி: கொட்டகையின் ஒரு பாதியில் தகரத்தைத் தொடும் அளவுக்கு வைக்கோல் அடுக்கியிருக்கிறோம். எர்த் போட்டுவிட்டால் அதற்கு ஆபத்து இல்லைதானே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இருக்கிறது. மின்னல் தொடும் புள்ளியில் மெல்லிய தகரம் உருகி ஓட்டையாகிவிடும். உருகிய இரும்பு கீழே சொட்டும். ஓட்டை விழாமல் தாங்க வேண்டுமானால் இரும்புத் தகடு 4 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும் என்று தரநிலை கூறுகிறது. ஓட்டை விழுந்தால் பரவாயில்லை, அடியில் தீப்பற்றும் பொருளும் இல்லை என்னும் இடத்துக்கு 0.5 மி.மீ. போதும். நாம் வாங்கும் கூரைத் தகரங்களில் பல அந்த அரை மி.மீ.கூட வருவதில்லை. ஆகவே வைக்கோல் உள்ள பகுதிக்கு மேலே, முகட்டில் இடிதாங்கிக் கம்பிகளை நிறுத்திக் கூரையோடும் தூண்களோடும் இணையுங்கள். மின்னல் தகரத்துக்குப் பதிலாகக் கம்பி முனையில் இறங்கும். வைக்கோலுக்கும் தகரத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். இடம் இருந்தால் வைக்கோலை மாடு கட்டும் கொட்டகையிலிருந்து பிரித்துத் தனியே போர் போடுவதுதான் என் விருப்பம். தீப்பிடித்தால் மாடுகளை அவிழ்க்க நேரம் கிடைக்கும்.

கேள்வி: சென்ற ஐப்பசியில் எங்கள் கொட்டகை மீது இடி விழவில்லை, பக்கத்துத் தென்னையில் விழுந்தது. ஆனால் கட்டியிருந்த மாடுகளில் இரண்டு செத்துவிட்டன. அருகில் நின்றிருந்த என் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இது எப்படி?
– வாசகி, பேராவூரணி

பதில்: உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் விவரிப்பது மண் வழியே வரும் மின்சாரத்தின் இயல்போடு பொருந்துகிறது. மரத்தில் இறங்கிய மின்சாரம் வேரைச் சுற்றி மண்ணில் பரவும்போது, அடிக்கு அடி மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். மனிதன் கால்களைச் சேர்த்து நின்றால் இரு பாதங்களுக்கும் இடையே வேறுபாடு சிறிதாக இருக்கும். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தூரம். அதனால் வேறுபாடு பெரிதாகி, மின்சாரம் அதன் உடல் வழியாக, நெஞ்சைக் கடந்து பாய்கிறது. ஈரத் தரையில் நிற்கும் குளம்பு அதற்கு மேலும் உதவுகிறது.

இதைத் தடுக்க, காங்கேயம் வாசகருக்குச் சொன்ன வளையம் பெரிதும் துணை செய்யும். அடுத்த முறை தளம் போடும்போது சிமென்ட் கலவைக்கு அடியில் வெல்டு மெஷ் என்னும் இரும்புக் கம்பி வலையை விரித்து, அதைத் தூண்களோடு இணைத்துவிட்டால், மாடு நிற்கும் இடம் முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். கட்டுத்தறிக் கம்பி, இரும்புத் தண்ணீர்த் தொட்டி, தண்ணீர்க் குழாய் ஆகிய எல்லாவற்றையும் தூணோடு இணையுங்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது: 10 ஓம் எர்த்தில் 30,000 ஆம்பியர் பாய்ந்தால் தூணின் மின்னழுத்தம் அந்தக் கணத்தில் மூன்று லட்சம் வோல்ட் உயரும், அருகில் இணைக்கப்படாத இரும்பு எது இருந்தாலும், இடையில் நிற்கும் மாட்டின் வழியாகக்கூட மின்சாரம் அதற்குத் தாவும்.

தென்னைக்கும் மாடு கட்டும் இடத்துக்கும் நடுவே மூன்று மீட்டராவது விட வேண்டும். கல்கால் நட்டு இழுத்த முள்கம்பி வேலியையும் மறந்துவிடாதீர்கள். கல் மின்சாரத்தை இறங்கவிடாததால் எங்கோ விழுந்த இடி கம்பி வழியே கொட்டகை வரை ஓடிவரும். சுமார் 45 மீட்டருக்கு ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து வேலியின் எல்லாக் கம்பிகளையும் அதோடு கட்டுங்கள். வேலிக் கம்பியைக் கொட்டகைத் தூணில் முடிச்சுப் போடுவது வேண்டாம்.

கேள்வி: ஒரே ஒரு நவீன இடிதாங்கி பண்ணை முழுவதையும் காக்கும் என்று விற்பனையாளர் சொல்கிறார். வாங்கலாமா?
– கோழிப் பண்ணையாளர், நாமக்கல்

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இடிதாங்கியின் காப்பு எல்லையை அதன் உண்மையான உயரத்தையும் அளவையும் மட்டும் வைத்தே கணக்கிட வேண்டும் என்று முன்பு சொன்ன தரநிலை வரையறுக்கிறது. மின்னலை முன்கூட்டியே வரவேற்றுக் கூடுதல் பரப்பைக் காக்கும் என்னும் கருவிகளுக்கு அதில் இடமில்லை. அந்தப் பணத்தை நீளமான ஷெட்டின் இருபுறமும் 15 மீட்டருக்கு ஒரு தூணை எர்த்தோடு இணைப்பதில் செலவிடுங்கள். மின்கம்பி வழியாக வரும் திடீர் மின்னழுத்த உயர்வே (சர்ஜ்) மின்விசிறி, மோட்டார் ஸ்டார்ட்டர்களை எரிப்பதால், மெயின் போர்டில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி ஒன்றை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்தி, அதன் எர்த்தையும் ஷெட்டின் எர்த்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். இரண்டும் தனித்தனியே இருப்பது ஆபத்து. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, 20, 40 கி.மீ. சுற்றளவில் மின்னல் வெட்டும்போது எச்சரிக்கை தருகிறது. அது வந்தவுடன் ஆட்கள் தூண்களிலும் வலைக்கம்பியிலும் சாயாமல், கான்கிரீட் கூரை போட்ட அறைக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வேலையைத் தொடரலாம்.