கேளுங்கள், சொல்கிறேன்: ஒரு பிட்சர், 14 சட்டைகள்

கேள்வி: எட்வின் ஜாக்சன் என்ற பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) 14 அணிகளுக்கு ஆடினாராமே? ஒருவருமே தக்கவைத்துக்கொள்ளாத ஆளிடம் அப்படி என்ன சரக்கு இருந்திருக்கும்?

பதில்: சரக்கு இல்லாமலா 2003 முதல் 2019 வரை 17 சீசன் ஓட்டுவார்? டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் முதன்முதலில் இறங்கியது தன் 20-வது பிறந்தநாளன்று. எதிரணி பிட்சர் ராண்டி ஜான்சன். 6 அடி 10 அங்குலம், அதற்குள் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஐந்து முறை வாங்கியவர். ஜெயித்தது பிறந்தநாள் பையன்தான்.

பந்து மணிக்கு 95 மைலில் போகும். எங்கே போகும் என்பதுதான் சிக்கல். 2010 ஜூன் 25-ம் தேதி ஆட்டத்தைச் சொல்கிறேன், ஆளே புரிந்துவிடுவார். அப்போது அவர் அரிசோனா அணியில். எதிரே அவருடைய பழைய அணியான டாம்பா பே. ஸ்ட்ரைக் கட்டத்துக்கு வெளியே நான்கு பந்து போனால் மட்டையாளருக்கு முதல் பேஸ் (ரன்னுக்கான ஓட்டத்தில் முதல் நிலை) இனாம். அப்படி முதல் மூன்று இன்னிங்ஸிலேயே ஏழு பேரை நடக்கவிட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவரும் அவுட் ஆகாமல் மூன்று பேஸும் நிரம்பிவிட்டன. அங்கேயே அவரை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எப்படியோ ஒரு ரன்கூடக் கொடுக்காமல் தப்பினார். அப்புறம் பார்த்தால், இத்தனை கூத்திலும் யாரும் இன்னும் பந்தை அடித்து பேஸைச் சேரவில்லை, அதாவது ஒரு ஹிட்கூட இல்லை!

நூறு பந்து தாண்டினாலே மேனேஜர்கள் கையைப் பிசைவார்கள். இவர் வீசியது 149. எட்டு பேருக்கு இனாம், ஹிட் பூஜ்யம், 1-0 வெற்றி. இதற்குப் பெயர்தான் நோ-ஹிட்டர். சும்மாவா, பல பெரிய பிட்சர்களுக்கே வாய்க்காதது. சரி, அரிசோனா அவரைக் கோயில் கட்டிக் கும்பிட்டதா? ஜூலை 30-ல் சிகாகோ வைட் சாக்ஸுக்கு மாற்றிவிட்டது. 35 நாள்!

அடுத்த வருடம் இன்னும் வேடிக்கை. ஜூலை 27 அன்று வைட் சாக்ஸ் அவரை டோரன்டோவுக்குக் கொடுத்தது. டோரன்டோ அன்றைக்கே செயின்ட் லூயிஸுக்குத் தள்ளிவிட்டது. செயின்ட் லூயிஸ் அந்த வருட வேர்ல்ட் சீரிஸை, அதாவது சாம்பியன் யார் என்று முடிவாகும் இறுதித் தொடரை, வென்றது. இவருக்கும் சாம்பியன் மோதிரம் கிடைத்தது. ஆனால் அந்தத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் அவர் வீச, அணி தோற்றது. எத்தனை பேரை நடக்கவிட்டார் என்கிறீர்கள்? ஏழு.

2019 மே மாதம் அவருடைய 14-வது அணியாக அமைந்தது எது தெரியுமா? முன்பு சில மணி நேரம் மட்டும் வைத்திருந்துவிட்டு அனுப்பிய அதே டோரன்டோ. இந்த முறை, அப்போது அவரை வைத்திருந்த ஓக்லண்ட் அணிக்கு மாற்று ஆள் யாரையும் தரவில்லை, கொஞ்சம் ரொக்கம் கொடுத்தார்கள். சட்டையையும் போடவிட்டார்கள்.

கேள்வி: ஆட்டக்காரரைக் கேட்காமலே மாற்றிவிட முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். மேஜர் லீகில், அதாவது பேஸ்பாலின் உச்ச லீகில், பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தால்தான் ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை தானாக வரும். ஜாக்சனுக்குப் பத்து வருடம் இருந்தது. ஒரே அணியில் ஐந்து வருடம்? அதற்கு எங்கே போவார்!

அமெரிக்காவின் டொலிடோ நகரில் நான் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே மட் ஹென்ஸ் என்று ஒரு டிரிபிள்-ஏ அணி. மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே. ஒருநாள் ஆட்டம் முடிந்து வெளியே வந்தால், அணியின் பிட்சர் ஒருவர் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் ஹேங்கரோடு சட்டைகள், குழந்தை சீட்டில் ஒரு மைக்ரோவேவ். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வீட்டு ஓனரிடம், ‘மூன்று மாத வாடகை இல்லை, ஒரு மாதம் தருகிறேன்’ என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் ஆட்டோகிராஃப் கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை.

கேள்வி: இப்படி அலைவதில் காசாவது மிஞ்சுமா?

பதில்: எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2025-ல் மேஜர் லீகின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,60,000 டாலர். டிரிபிள்-ஏ குறைந்தபட்சமோ, 2023-ல் உயர்த்தியபோதும் 35,800 டாலர்தான். மேஜர் லீகில் 43 நாள் தேறிவிட்டால் ஓய்வூதியம் உண்டு. 40-வது நாளில் கீழே அனுப்பப்பட்டவர் மனசு என்ன பாடுபடும்? ஜாக்சனுக்கு அந்தக் கவலை இல்லை. சிகாகோ கப்ஸ் நான்கு வருடத்துக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. முதல் வருடமே 18 ஆட்டம் தோற்றார், அது வேறு விஷயம்.

கேள்வி: அதிகபட்சமாக 14 அணிகளுக்கு ஆடிய சாதனை இன்னும் அவரிடம்தானா?

பதில்: பாதி. 2025 ஜூலையில் கான்சஸ் சிட்டிக்காக இறங்கிய பிட்சர் ரிச் ஹில்லுக்கும் அது 14-வது அணி. வயது 45.

கேள்வி: ஜாக்சனுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியல்) இடம் உண்டா?

பதில்: 107 வெற்றி, 133 தோல்வி. நீங்களே சொல்லுங்கள்.