லோயரா, மத்தியஸ்தரா? ஸ்காபரோவிலிருந்து ஒரு பதில்

தங்கச்சி, கணவரின் ஸ்பொன்சரில் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம், நாலு வயதில் ஒரு பிள்ளை, இருவருமே பிரிவதென்று முடிவெடுத்துவிட்டோம் என்கிறீர்கள். "லோயருக்கு ஏன் காசைக் கொட்டுவான், மாமாவுக்கு முன்னால் பேசிக் கடிதத்தில் கையெழுத்து வைப்போம்" என்று அவர் பக்கத்தில் சொல்கிறார்களாம்.

அந்தக் கடிதத்தில் இப்போது கையெழுத்து வைக்காதீர்கள். மாமா நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் பெரியவர்கள் ஹோலில் கூடிப் பேசுவது மத்தியஸ்தம் ஆகாது. பயிற்சி பெற்ற குடும்ப மத்தியஸ்தர் முதலில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் அடியோ மிரட்டலோ உண்டா என்று விசாரிப்பார். அப்படி ஏதும் இருந்தால் நேரே லோயரிடம் போங்கள். வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு நம் மாகாணத்தின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் ஒன்ராறியோ இரண்டு மணி நேரம் வரை இலவச ஆலோசனை தருகிறது. பிரிந்தால் பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) போய்விடும் என்று யாராவது வெருட்டினால் நம்பாதீர்கள். இரண்டு வருடம் சேர்ந்து வாழவேண்டும் என்ற நிபந்தனையை 2017இலேயே எடுத்துவிட்டார்கள்.

பயம் ஒன்றுமில்லை, பேசக்கூடிய மனிதர்தான் என்றால், முதலில் ஒரு மணி நேரம் லோயரிடம் இருந்து கேளுங்கள். அப்புறம் மத்தியஸ்தரிடம் போங்கள். உங்களுக்குச் சேரவேண்டியது இது என்று மத்தியஸ்தர் சொல்லித்தரமாட்டார், அது அவர் வேலையில்லை. கேட்காமல் போனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்றே தெரியாமல் விட்டுக்கொடுத்துவிடுவீர்கள். ஒன்ராறியோவில் கலியாண நாளிலிருந்து பிரிந்த நாள்வரை யாருடைய சொத்து எவ்வளவு கூடியது என்று பார்த்து, அதிகம் கூடியவர் வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுக்கவேண்டும். ஊரில் வாங்கிய காணி, பிறகு வாங்கி லொக்கரில் வைத்த நகை, கட்டுகிற சீட்டு எல்லாம் கணக்கில் வரும். குடியிருக்கும் வீடு அவர் பெயரில் மட்டும் இருந்தாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் விற்கமுடியாது. மாமாவின் கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறதா?

நானும் மத்தியஸ்தத்தில்தான் முடித்தேன். அதிக நேரம் போனது பிள்ளை விஷயத்தில்தான். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு யார் கூட்டிப்போவது, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் பிள்ளையின் பாஸ்போர்ட் யார் கையில் இருப்பது என்பதுவரை பேசி எழுதினோம். வழக்கு நடத்தியிருந்தால் இதையெல்லாம் இவ்வளவு பொறுமையாகப் பேச இடம் கிடைத்திருக்காது.

செலவுக்குப் பயப்படாதீர்கள். குடும்ப நீதிமன்றத்தோடு சேர்ந்த மத்தியஸ்த சேவையில் வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம், வழக்குப் போடாமலேயே போகலாம். ஒப்பந்தம் தயாரானதும் உங்கள் லோயரிடம் காட்டாமல் ஒப்பமிடாதீர்கள். அவருடைய லோயரே உங்களுக்கும் பார்க்கட்டும் என்றால் ஒத்துக்கொள்ளவேண்டாம். கையெழுத்து வைக்கும்போது சாட்சியும் வேண்டும்.

விவாகரத்துத் தருவது நீதிமன்றம்தான். அதற்குப் பொதுவாக ஒரு வருடம் பிரிந்திருக்கவேண்டும். ஒரே வீட்டில் நீங்கள் மேலேயும் அவர் பேஸ்மென்டிலுமாகத் தனித்தனியே வாழ்ந்தாலும் அது செல்லும். பிரிந்த திகதியை இன்றைக்கே எழுதி வையுங்கள், லோயர் முதலில் கேட்பது அதைத்தான்.