என்எஃப்டி வாங்கினால் படம் எனக்குச் சொந்தமா?

கேள்வி: கோணேஸ்வரத்தில் எடுத்த சூரிய உதயப் படமொன்றை என்எஃப்டியாக, அதாவது இணையத்தில் விற்கும் டிஜிட்டல் டோக்கனாக, வாங்கினேன். அதை டீசேர்ட்டில் அடித்து உப்புவெளியில் விற்கத் தொடங்கியதும், படம் எடுத்தவர் வழக்குப் போடுவேன் என்கிறார். காசு கொடுத்தது நான்தானே?
– வாசகர், திருகோணமலை

பதில்: காசு கொடுத்தீர்கள், சரி, ஆனால் உங்கள் வாலட்டுக்கு, அதாவது டிஜிட்டல் பணப்பைக்கு, வந்தது டோக்கன் என்ற டிஜிட்டல் பதிவு மட்டும்தான், பெரும்பாலும் அதற்குள் படம்கூட இருக்காது, படம் வேறெங்கோ ஒரு சேர்வரில் கிடக்கும், டோக்கனில் இருப்பது அதற்கான இணைப்பு. பதிப்புரிமை அவரிடமேதான், அவர் கோபப்படுவதும் நியாயம்தான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அந்த உரிமை கைமாற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். வாங்கிய பக்கத்தின் நிபந்தனைகளை இன்றே சேமித்து வையுங்கள். வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி என்று அதில் ஒரு வரி இருந்தால் உங்களுக்குப் பலம். இல்லையென்றால் விற்பனையை நிறுத்திவிட்டு, அவரோடு நேரில் பேசி எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.