பதில்: அம்மா ஊசி வேண்டாம் என்கிறார், பக்கத்து வீட்டு நர்ஸே போடவில்லையாம்

வணக்கம். அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை இருக்கிறது, பக்கத்து வீட்டு நர்ஸ் ஜனவரியில் கொரோனா ஊசி வேண்டாம் என்றதையும் நடிகர் விவேக் மரணத்தையும் சொல்லி மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்த நர்ஸ் விஷயம். அன்று அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. 2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்குப் போட ஆரம்பித்தபோது கோவாக்சின் ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவே வரவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேறு வாங்கினார்கள். படித்தவர்களுக்குத்தான் அந்தப் படிவம் அதிகம் உறுத்தியிருக்கும்! மார்ச்சில் இடைக்கால முடிவு வந்தது, படிவமும் போனது. அதனால் அவரிடம் இப்போது போய்க் கேளுங்கள், இதற்குள் போட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். போட்டிருந்தால் அவர் வாயாலேயே அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பத்து வீடியோ காட்டுவதைவிட அது எடுபடும்.

விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டார், 17 அதிகாலை இறந்தார். யாருக்கும் பயம் வரத்தான் செய்யும், அம்மாவைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் அவருடைய இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்தது. அதற்குக் காரணமான கொழுப்புப் படிவு ஒரே நாளில் வருவதில்லை. ஆராய்ந்த மத்தியக் குழுவும் ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அக்டோபரில் சொல்லிவிட்டது.

சர்க்கரை இதற்குத் தடையில்லை. சொல்லப்போனால், சர்க்கரை உள்ளவர்களைத்தான் கொரோனா அதிகம் படுத்துகிறது. வழக்கமான மாத்திரை, சாப்பாடு எதையும் நிறுத்தாமல் கூட்டிப்போங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். அப்புறம் ஓரிரு நாள் காய்ச்சல், கைவலி வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் இரண்டாவது டோஸுக்கு வரமாட்டார்.