மூக்குப் புண்ணில் இரண்டு பயாப்சியும் 'அழற்சி' என்றே வந்தது, மூன்றாவது எதற்கு?

தயவுசெய்து எடுத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். உங்கள் டாக்டர் சந்தேகப்படும் என்கே/டி செல் லிம்ஃபோமா என்ற வெள்ளையணுப் புற்றுநோய் கிழக்காசியாவிலும் தென் அமெரிக்காவிலும்தான் அதிகம், அதனால் நம்மூரில் பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. இது ரத்தக் குழாய்களை அரித்து அடைத்துவிடும், சுற்றியுள்ள சதை செத்துப்போகும், மேலாகக் கிள்ளினால் அந்தச் செத்த சதையும் பொருக்கும்தான் வரும். ரிப்போர்ட்டில் வேறென்ன எழுத முடியும்? பொருக்கை நீக்கி, உயிருள்ள ஓரத்திலிருந்து ஆழமாக, பல துண்டுகள் எடுக்க வேண்டும். அப்புறம் செல்லின் வகையைக் காட்டும் சிடி3, சிடி56 சோதனைகளோடு ஈபர் சோதனையும் செய்கிறார்களா என்று கேளுங்கள். திசுவுக்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருப்பதைக் காட்டுவது அதுதான், அது இல்லாமல் இந்த நோயை உறுதிசெய்வது கஷ்டம். அதுவரை டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் வேண்டாம், கட்டி தற்காலிகமாகச் சுருங்கி பயாப்சியையே குழப்பிவிடும்.