வாய்வுக்கு மேடு பள்ளம் தெரியாது

கேள்வி: வயது 47, மன்னார்குடி பக்கம் நெல் வியாபாரம். கல்லடைப்புக்காக எடுத்த ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ (கல்லீரலில் லேசாகக் கொழுப்பு) என்று வந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பை ஸ்கேனில் அளந்தால் மாரடைப்பு வருமா என்று தெரியும் என யூடியூபில் சொல்கிறார்கள். அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தார். நானும் அளந்து பார்க்கட்டுமா?

பதில்: சைக்கிளில் ஆற்றுப் பாலம் ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறது, இறங்கி நின்றால் விட்டுவிடுகிறது, வாய்வு என்று மாத்திரை போடுகிறேன் என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். வாய்வுக்கு மேடு பள்ளம் தெரியாது. பாலம் ஏறினால் வந்து, நின்றால் போகிற இறுக்கம் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அப்பாவுக்கு 55 வயதுக்குள் வந்திருப்பதால் உங்கள் விஷயத்தில் சந்தேகம் இன்னும் கூடுகிறது.

நாளைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக வந்தது என்று திரும்பிவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது அது நார்மலாகவே வரலாம். பாலம் ஏறினால் வருவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவரை சைக்கிள் வேண்டாம். சும்மா இருக்கும்போதே இறுக்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, நின்ற பிறகும் விடாவிட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து மெடிக்கலுக்குப் போய் நிற்காதீர்கள்.

சரி, ஸ்கேனுக்கு வருகிறேன். வயிற்றுத் தசைக்கும் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருந்தமனிக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று அல்ட்ராசவுண்டில் அளக்க முடியும், உண்மைதான். ஆனால் கருவியைக் கொஞ்சம் அழுத்தினாலோ, நீங்கள் மூச்சை இழுத்தாலோ எண் மாறிவிடும். அந்த எண்ணை வைத்து நான் எழுதும் மருந்துச் சீட்டு மாறப்போவதும் இல்லை. தையற்காரர் டேப் போதும். ஆனால் வேட்டி கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். நம்மூரில் பாதிப் பேருக்கு வேட்டி தொப்பைக்குக் கீழே இறங்கித்தான் நிற்கிறது, அளவும் அழகாகக் குறைந்து வரும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டபின் அளவெடுங்கள். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. தாண்டினால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

கிரேடு 1-க்குப் பயப்பட வேண்டாம், எடை குறைந்தால் அதுவும் குறையும். கொழுப்பைக் கரைக்கும் பொடி எதையும் வாங்காதீர்கள். நடைப்பயிற்சி எல்லாம் நெஞ்சைச் சோதித்த பிறகு.

டாக்டரிடம் போகும்போது அந்த வாய்வு மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.