காலையில் பத்து, பதினொரு மணிக்கு எட்டு: குண்டைத் தள்ளுவது காற்றுதானா?

கேள்வி: சார், காட்பாடியில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறேன். 10 மீட்டர் ஏர் ரைபிளில் நல்ல ஸ்கோர் வந்தது. மூன்று மாதமாக .22 ரைபிளில் 50 மீட்டர் புரோன் (படுத்தபடி சுடுவது) சுடுகிறேன். எங்கள் ரேஞ்ச் வடக்குப் பார்த்தது, டார்கெட்டுக்குப் பின்னால் மலை. காலை ஏழு மணிக்கு நடுவில் விழும் குண்டு, பதினொரு மணிக்கு மேல் வலப்பக்கம் கொஞ்சம் கீழிறங்கி எட்டாம் வளையத்தில் விழுகிறது. சைட்டில் (குறிபார்க்கும் கருவி) திருகைத் திருப்பிக் கிளிக் மாற்றினால் அடுத்தது இடப்பக்கம் ஓடுகிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். "வலப்பக்கம், கொஞ்சம் கீழே" என்றீர்களே, அது காற்றின் கையெழுத்து. வடக்குப் பார்த்துப் படுத்தால் மேல்காற்று இடப்பக்கத்திலிருந்து வரும். ரைபிள் குழலின் புரி (குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய திருகு வரி) பெரும்பாலும் வலம் சுற்றுவது. அப்படிச் சுழலும் குண்டை இடக்காற்று வலப்பக்கம் தள்ளும்போது சற்றுக் கீழேயும் அமுக்கும். வலக்காற்றென்றால் இடப்பக்கம், சற்று மேலே. கடிகாரத்தில் நாலு மணிக்கும் பத்து மணிக்கும் ஒரு கோடு போட்ட மாதிரி குண்டுகள் பரவும். நேர் மேலும் கீழுமாகப் பரவினால் மூச்சைப் பாருங்கள். டிரிக்கரை வெடுக்கென்று இழுத்தாலும் கீழே போகும்தான், ஆனால் அந்தக் கோளாறு ஏழு மணிக்கும் இருந்திருக்குமே.

தள்ளல் எவ்வளவு? .22 குண்டு சுமார் 2.6 கிராம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது அது எம்மாத்திரம்! விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நேர் பக்கவாட்டுக் காற்று அடித்தால், 50 மீட்டரில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விலகும். நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பித்தான் அளவு. வேப்ப இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் காற்று விநாடிக்கு 4 மீட்டர் பக்கம் இருக்கும். குண்டு 20 மில்லிமீட்டர் விலகும். உங்கள் எட்டு அதுதான். காற்று முன்பக்கத்திலிருந்து 30 பாகை சாய்ந்து வந்தால் பாதித் தள்ளல், 45 பாகை என்றால் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 25 மீட்டரில் இதெல்லாம் கால் பங்காகிவிடும். அதனால் 25 மீட்டரில் சுடும் என்சிசி கேம்பில் "காற்று அடிச்சிடுச்சு சார்" என்று சொல்லும் பையன்களை நான் நம்புவதில்லை.

வேகமான ரவுண்டு (தோட்டா) வாங்கினால் காற்றை வெல்லலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் .22 குண்டு காற்றுத்தடையில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், அதனால் ஒலிவேகத்துக்குள் போகும் மேட்ச் ரவுண்டைவிட (போட்டிக்கான தோட்டா) அதிகமாகவே விலகும்.

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி பேசுவார்களே, சுடுகிறவனுக்கு இரண்டும் சங்கடம்தான். மொட்டைப் பாறையும் பாலாற்று மணலும் வெயிலேற ஏறச் சூடாகி, காற்றை மேலே கிளப்பும். மலையடிவாரத்தில் அது சுழன்று திரும்பும். அதனால் டார்கெட் பக்கத்துக் கொடி ஒன்று சொல்லும், உங்கள் பக்கத்துக் கொடி வேறொன்று சொல்லும். 50 மீட்டர் ரேஞ்சில் கொடிகள் சுடும் கோட்டிலிருந்து 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் இருக்கும், 5 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளத் துணிகள். இரண்டும் சண்டை போட்டால் முதல் கொடியை அதிகம் மதியுங்கள். கிளம்பின இடத்திலேயே திசை கெட்டால் மிச்சத் தூரம் முழுவதும் அது வளர்ந்துகொண்டே போகும்.

அப்புறம் கானல், அதாவது சூட்டில் காற்று அலையலையாக நெளிவது. ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் (டார்கெட்டைப் பார்க்கும் தொலைநோக்கி) ஃபோகஸை டார்கெட்டுக்குச் சற்று முன்னால் வையுங்கள். இடமிருந்து வலமாக ஓடை மாதிரி ஓடினால் இடக்காற்று. உலை கொதிக்கிற மாதிரி நேர் மேலே எழும்பினால் பக்கக் காற்று இல்லை என்று அர்த்தம். ஆசைப்பட்டு டிரிக்கரைத் தொடாதீர்கள். பல நேரம் காற்று திசை மாறுவதற்கு முன்தான் அப்படிக் கொதிக்கும்.

இனி உங்கள் கிளிக் விவகாரம். நானும் என் முதல் 50 மீட்டர் போட்டியில் இதையேதான் செய்தேன். வலப்பக்கம் எட்டு விழுந்தது, நாலு கிளிக் இடப்பக்கம் திருப்பினேன். அதற்குள் காற்று நின்றுவிட்டது, இடப்பக்கம் எட்டு. திரும்பக் கிளிக். பத்துக் குண்டு இப்படியே போயிற்று. போன காற்றுக்குத் திருத்தி, வரும் காற்றில் சுட்டுக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் உறைத்தது.

முதலில் ரைபிளைத் தொடாமல் பத்து நிமிடம் கொடியைப் பாருங்கள். எந்த நிலை அடிக்கடி வந்து கொஞ்ச நேரம் தங்குகிறது? உதாரணமாக, கொடி இடமிருந்து முக்கால் தூக்கு. சைட்டர் குண்டுகளை (ஸ்கோரில் சேராத சோதனைக் குண்டுகள்) அந்த நிலையில் மட்டும் சுட்டு, நடுவுக்குக் கொண்டுவந்து சைட்டை நிறுத்துங்கள். அதன் பிறகு அதே நிலை வந்தால் சுடுங்கள், இல்லையென்றால் ரைபிளிலிருந்து கன்னத்தை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். பயிற்சி நாளில் ஒரு வேலை கூடுதலாகச் செய்யுங்கள். சைட்டை மாற்றாமல் அந்தக் காற்றில் பத்து, காற்று ஓய்ந்தபோது பத்து சுட்டு, இரண்டு குரூப்புக்கும் (குண்டுகள் விழுந்த கூட்டம்) நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் ரேஞ்சுக்கு, உங்கள் ரவுண்டுக்கு அதுதான் கணக்கு. காற்று நிரந்தரமாக மாறிவிட்டால், நோட்டைப் பார்த்துக் கிளிக் வையுங்கள்.

காத்திருக்க நேரம் ஏது என்பீர்கள். எலக்ட்ரானிக் டார்கெட்டில் 60 குண்டுக்கு 50 நிமிடம். நல்ல காற்று நிற்கும்போது அரை நிமிடத்துக்கு ஒன்று வீதம் தள்ளினால் மிச்சம் கையில் இருக்கும். கடைசிப் பத்து நிமிடத்துக்கு இருபது குண்டை மிச்சம் வைத்துக்கொள்ளாதீர்கள், நம் ஊர் மேல்காற்று அந்த நேரம் பார்த்துத்தான் கிளம்பும்.